கொடிவழி தேடுவார்க்குத் திருவெள்ளறை

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர்க்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது திருவெள்ளறை. அங்கே செந்தாமரைக்கண்ணன் கோயிலுக்கு அருகில், நான்கு திசைக்கும் வளைந்த கைகளாக விரிந்து, கைக்கொரு படிக்கட்டாக நீருக்கு இறங்கும் கிணறு ஒன்று உண்டு. ஒரு துறையில் இறங்குவோர் மற்றத் துறையில் உள்ளோர்க்குப் புலப்படார். ஊரார் இதனை நாலுமூலைக்கேணி என்பர். கல்வெட்டு இதற்கு மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர் தருகிறது. பல்லவன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடிந்த பணி இது, ஏறத்தாழக் கி.பி. 800. செய்வித்தவன் கம்பன் அரையன். அவன் யார் என்பதற்கு அக்கல்வெட்டு தரும் விடை, ஆலம்பாக்கத்து விசையநல்லூழானின் தம்பி என்பது.

ஊர், அண்ணன் பெயர், தன் பெயர் என இம்மூன்றால் ஒருவனை ஐயமின்றிச் சுட்டலாம் என்று அன்றைய எழுத்தர் கருதினர். குடும்ப வரலாறு என்னும் துறையின் முதற்பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒருவனுடைய பெயர் மட்டும் சான்றாகாது. உறவும் ஊரும் உடன் வந்தால்தான் பெயர் ஆளைக் குறிக்கும். ஆயினும் இக்கல்வெட்டைக் காட்டி, கம்பன் அரையன் எம் முன்னோன் என்று இன்று எவரேனும் சொன்னால் அதனை ஏற்பதற்கில்லை. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று கொண்டாலும் இடையே நாற்பது தலைமுறை நிற்கிறது. அச்சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றேனும் நம் கையில் இல்லை. மேலிருந்து கீழே இறங்கும் கொடிவழி பெரும்பாலும் புனைவாகவே முடிகிறது. அறிந்த தலைமுறையிலிருந்து அறியாத தலைமுறைக்கு ஒவ்வொரு படியாக ஏறுவதே ஆராய்ச்சி நெறி. அப்படி ஏறுவோர்க்குக் கல் கடைசியில் வரும். முதலில் வருவது காகிதம்.

காகிதத்தில் அண்மையது பத்திரப்பதிவு. சென்னை மாகாணத்தில் 1860களின் நடுவிலிருந்து சார்பதிவாளர் அலுவலகங்களில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் ஆகியவை புத்தகங்களில் படியெடுக்கப்பட்டு வருகின்றன. இவற்றுக்கு இருவகை அட்டவணை உண்டு: ஒன்று ஆள் பெயரால், மற்றொன்று நிலத்தால். வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று கேட்கும்போது புரட்டப்படுவது இரண்டாம் அட்டவணை. கொடிவழி தேடுவோர்க்கும் அதுவே பெருந்துணை; பெயர் எழுத்துக்கு எழுத்து மாறும், நிலமோ இடம் பெயராது. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தந்தை, மக்கள், இறந்த மகனின் மைந்தர், கைம்பெண்ணுக்குரிய சீவனாம்சம் என்று மூன்று தலைமுறை ஒரே தாளில் வரிசையாக நிற்கக் காணலாம். பிறப்பு இறப்புப் பதிவேடு அத்துணை உதவுவதில்லை. 1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் அதனை முறைப்படுத்திய பின்னரும், குழந்தைக்குப் பெயரிடுமுன்பே பதிவு முடிந்துவிடுவதால், பெயரற்ற ஆண், பெயரற்ற பெண் என்ற பதிவுகளே மிகுதி.

இவற்றினும் மேலே ஏறினால், நம் நாட்டுக் குடும்ப வரலாற்றுக்கு வாய்த்த அரிய ஏடு ஒன்று கிடைக்கிறது. 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடே அது. வரியின்றி அல்லது குறைந்த வரியில் நிலம் நுகர்ந்தோர் ஒவ்வொருவரிடமும், இவ்வுரிமை உனக்கு எப்படி வந்தது என்று கும்பினியாட்சிக்குப் பின் வந்த அரசு கேட்டது. கோயிலில் பூத்தொடுப்போர், மேளம் வாசிப்போர், வேதம் ஓதுவோர், தண்ணீர்ப் பந்தல் நடத்துவோர், ஊர்த்தச்சர் என எல்லாரும் விடை சொல்ல வேண்டியிருந்தது. முதலில் நிலம் பெற்றவர் யார், தந்தவர் யார், பழைய பசலிக் கணக்குகளில் யார் பெயர் இருந்தது, இன்று நுகர்வோர் யார், அவருக்கு அகவை என்ன, எங்கே வாழ்கிறார், முதற்பெற்றவர்க்கு அவர் என்ன உறவு, வாரிசு யார் என்று கட்டம் கட்டமாக அவ்விடைகள் எழுதப்பட்டன. இக்கட்டங்களை வகுத்தவர்கள் குடும்ப வரலாறு எழுதக் கருதியவர்கள் அல்லர். வரியிழப்பைக் கணக்கிட வந்தவர்கள். ஆனால் ஒரே வரியில் நூறாண்டுக் கொடிவழி தேங்கி நிற்கும் ஏடு தமிழகத்தில் இதனைப் போல வேறு ஒன்றை நான் அறியேன். சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவ்வகைப் பதிவேடுகளைக் காணலாம். சீரங்கம், திருவெள்ளறை போலக் கோயிலைச் சுற்றி எழுந்த ஊர்களில் பிறந்தோர் தேட வேண்டிய முதல் இடம் இது. 1963ஆம் ஆண்டின் சிற்றினாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் நடந்த விசாரணைகள், அதே கேள்விகளை நூறாண்டு கழித்து மறுமுறை கேட்டன. இரு விடைகளையும் ஒப்பிட்டால் இடைத்தலைமுறை தானே வெளிப்படும்.

பசலி என்பது கணக்கர் வழங்கிய ஆண்டு. அதனோடு 590 கூட்டினால், அப்பசலி சூலையில் தொடங்கும் கிறித்தவ ஆண்டு வரும். திருச்சிராப்பள்ளி கும்பினியின் நேராட்சிக்கு வந்த 1801, பசலி 1211 ஆகும். ஆகவே அதனை ஒட்டிய பசலிகளில் ஒரு பெயர் காணப்பட்டால், அவர் நவாபு காலத்திலேயே நிலம் நுகர்ந்தவர் என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் அயர்லாந்தை நினைத்துப் பார்ப்பது தகும். குடும்ப வரலாறு தேடுவோர் உலகில் மிகுந்த நாடுகளுள் அது ஒன்று. ஆனால் அந்நாட்டின் ஆவணங்களில் பெரும்பகுதி 1922 சூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், தபுளின் நகரத்து நான்கு மன்றங்கள் என்னும் வளாகத்தில் வெடித்துத் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கின் வீட்டுத் தாள்களில் மிகச் சிலவே எஞ்சின. 1861 முதல் 1891 வரையிலான தாள்களையோ, அதற்கு முன்பே அரசு அழித்துவிட்டது. 1922க்கு முற்பட்டவற்றுள் முழுமையாக நமக்குக் கிடைப்பன 1901, 1911 கணக்குகள் மட்டுமே. அப்படியிருந்தும் ஐரிசு மக்கள் தம் முன்னோரைக் கண்டெடுக்கின்றனர். எதைக் கொண்டு? 1847க்கும் 1864க்கும் இடையே ரிச்சர்டு கிரிஃபித் என்பவர் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டைக் கொண்டு. எந்த ஊரில் எந்தத் துண்டு நிலத்தை யார் பயிரிட்டார், யாரிடமிருந்து பெற்றார், மதிப்பு எவ்வளவு என்று அது கூறும். நம் இனாம் பதிவேடும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எழுந்தது. இரண்டும் வரிக்காகப் பிறந்தவை. இரண்டும் இன்று குடும்பங்களுக்குப் பயன்படுகின்றன. எரிந்துபோன உயில்களின் சாரத்தை வில்லியம் பெத்தம் என்னும் கொடிவழி அலுவலர் நூறாண்டுக்கு முன்பே தம் கைப்படக் குறித்து வைத்திருந்தார், அக்குறிப்புகள் பிழைத்தன. மூலம் அழிந்தாலும் படி வாழும் என்பதனை ஓலைச்சுவடி மரபில் வந்த நாம் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

ஐரிசுத் தேடல் நம் திருச்சிராப்பள்ளி வரையிலும் வருகிறது. கும்பினியின் வெள்ளைப் படைகளில் அயர்லாந்து இளைஞர் பெருந்தொகையினர். சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்று 1881இல் தபுளின் பியூசிலியர் என்னும் ஐரிசுப் படையாகவே பெயர் மாறியது. படையூராக விளங்கிய திருச்சிராப்பள்ளியில் அவர்கள் மணந்தனர், மக்களைப் பெற்றனர், மாண்டனர். மாகாணத்துத் தேவாலயங்களில் நிகழ்ந்த ஞானமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698 முதல் 1948 வரை இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிசு நூலகத்தில் உள்ளன. கத்தோலிக்கர் பதிவுகள் அவ்வரிசையில் காலந்தாழ்ந்தே சேர்ந்தன, அதுவும் நிறைவாக இல்லை என்பது ஐரிசார்க்கு இழப்பே. 1905இல் சூலியன் சேம்சு காட்டன் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பு இன்னொரு துணை. தபுளினில் எரிந்த ஒரு குடும்பத்தின் ஏட்டுக்கு மாற்று, காவிரிக்கரைக் கல்லறைக் கல்லில் கிடைக்கக்கூடும்.

ரிச்சர்டு கேய்சு என்பார் அயர்லாந்து தேசிய நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் செருமானிய மறைகுறிகளை உடைத்த வல்லவரும் அவரே. உலகெங்கும் சிதறிய ஐரிசுக் கையெழுத்துச் சுவடிகளுக்கு 1965இல் பதினொரு தொகுதியாக ஓர் அட்டவணை வெளியிட்டார். ஆள் பெயராலும் ஊர்ப் பெயராலும் அதில் தேடலாம். நம் சுவடி அட்டவணைகள் பெரும்பாலும் நூற்பெயரால் அமைந்தவை. இலக்கியம் தேடுவோர்க்கு அவை போதும்; பாட்டன் பெயர் தேடுவோர்க்குப் போதா. சுவடியின் இறுதியில் எழுதியவன் தன் பெயர், தந்தை பெயர், ஊர், முடித்த நாள் ஆகியவற்றைக் குறிப்பது வழக்கம். அவ்விறுதிக் குறிப்புகளை மட்டும் திரட்டி ஊர்வாரியாக ஓர் அட்டவணை செய்தால், காவிரிக்கரைக் குடும்பங்கள் பலவற்றின் எழுத்தறிந்த முன்னோர் வெளிப்படுவர். பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்க பணி இது. செய்ய முன்வருவோரைத்தான் காணோம்.

சுவடி படிப்போர்க்கு இரு தடைகள். முதலாவது எழுத்து. ஓலையில் புள்ளியிடார், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். பெயர்ச்சொற்களில் இது பெருங்கேடு விளைக்கும். செய்யுளுக்கு யாப்பு காவல், ஆட்பெயர்க்குக் காவல் இல்லை. இரண்டாவது நாள். பிரபவ ஆண்டு தைத்திங்கள் என்று ஓலையில் கண்டால், அது 1808ஆகவும் இருக்கலாம், 1868ஆகவும் இருக்கலாம், 1928ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி இரண்டு தலைமுறையை விழுங்கவல்லது. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் நம் வழக்கமும் உடன் சேர்ந்தால், சீனிவாசன் மகன் இரங்கன் எழுதிய ஓலை எந்த இரங்கன் எழுதியது என்று சொல்ல இயலாமற் போகும். கிழமை, திதி, விண்மீன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரே ஆண்டுதான் பெரும்பாலும் பொருந்தும். அக்கணிப்புக்கு உரிய அட்டவணைகளை வகுத்துத் தந்தவர் நம் திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, 1911இல் வந்த அவருடைய காலக்கணித நூலும் அதன்பின் வந்த பெருந்தொகுதிகளும் கல்வெட்டாய்வாளர் கையை விட்டு இன்றும் அகலவில்லை.

சொல்லால் எண்ணைக் குறிக்கும் முறையும் உண்டு. துலுக்கர் படையெடுப்பால் நீங்கிய அரங்கன் திருமேனியை விசயநகரப் படைத்தலைவன் கோபணாரியன் சீரங்கத்துக்கு மீட்டு வந்த ஆண்டைக் கல்வெட்டு ஒன்று ‘பந்துப்ரிய’ என்னும் சொல்லால் குறிக்கிறது. வடமொழி எழுத்தெண் முறையில் அதன் எழுத்துகள் 3, 9, 2, 1 ஆகும். அவற்றைத் தலைகீழாக்கினால் 1293. அது சக ஆண்டு. 78 கூட்டினால் 1371.

சீரங்கத்துச் சுவடிகளுள் கோயிலொழுகு முதன்மையானது. கோயிற்பணியாளர் யார் யார்க்கு என்னென்ன உரிமை என்று பேசுவதால், குடும்பங்கள் அதில் நிறையத் தோன்றுகின்றன. உத்தமநம்பி குடும்பத்தார் தம் முன்னோர் வரலாற்றைத் தனிச்சுவடியாகவே எழுதி வைத்தனர். விசயநகர அரசரிடம் பெற்ற கொடைகள் அதில் வருகின்றன. ஆசாரிய குடும்பங்களில் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனியன் என்னும் போற்றிச் செய்யுள் ஒன்று உண்டு. அதனை வரிசையாக ஓதும் இளைஞன் தன் கொடிவழியை மனத்திலேயே சுமக்கிறான். வாய்மொழியாயினும் யாப்பில் அடங்கியதனால் இது எளிதில் சிதையாது.

ஆனால் திருவெள்ளறையிலேயே பிறந்த ஒருவர் நமக்கு எச்சரிக்கையாகவும் நிற்கிறார். அவர் உய்யக்கொண்டார்; வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் மாணவர். அவர் மாணவர் மணக்கால்நம்பி. மணக்கால்நம்பியின் மாணவர் ஆளவந்தார். குரு வழியில் நாதமுனிகளுக்கும் ஆளவந்தார்க்கும் இடையே இருவர், அதாவது மூன்று படிகள். குருதி வழியிலோ நாதமுனிகளின் மகன் ஈசுவரமுனி, அவர் மகன் ஆளவந்தார், இரண்டே படிகள். ஒரே இருவரிடையே இருவேறு ஏணிகள். குருபரம்பரை நூல்களைக் கொண்டு தலைமுறை எண்ணுவோர், எந்த ஏணியில் நிற்கிறோம் என்பதனை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். மாணவன் ஆசிரியனினும் மூத்தவனாகவும் இருக்கலாம். மகன் தந்தையினும் மூத்திருத்தல் இல்லை. ஆதலால் குரு வழிக்கு முப்பது ஆண்டுக் கணக்கு பொருந்தாது. தம் குலம் உய்யக்கொண்டார் குலம் என்று சொல்லும் குடும்பம், அவர் மாணவர் வழியா மக்கள் வழியா என்று கேட்டறிவது நலம்.

மற்றொரு பாடமும் இவ்வூர்க் கல்லிலேயே உண்டு. சோழநாட்டை எரித்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், பட்டினப்பாலை பாடிய புலவர்க்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காது விட்டான் என்று திருவெள்ளறைப் பாடற்கல்வெட்டு புகழ்கிறது. கல்லில் உள்ளதனாலேயே கரிகாலன் மண்டபம் கொடுத்தான் என்று துணிவார் உளர். பாண்டியன் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. கரிகாலன் அதற்கு ஆயிரம் ஆண்டு முற்பட்டவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மக்கள் அப்படி நம்பினர் என்பதற்கே அக்கல் சான்று. எழுதிய பொருளின் உறுதி வேறு, எழுதப்பட்ட செய்தியின் உறுதி வேறு. செப்பேட்டில் இருக்கிறது என்று பெருமை பேசும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம், இறந்தவர் உறவு பற்றிச் சொன்ன சொல்லை ஏற்கலாம் என்றது. ஆனால் அவர் அதனை வழக்கு எழுமுன் சொல்லியிருக்க வேண்டும் என்று வரம்பிட்டது. காலின் மெக்கன்சி பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திரட்டிய பாளையக்காரர் வமிசாவளிகளை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். உரிமை பறிபோகும் அச்சத்தில் எழுதித் தந்த கொடிவழிகள் அவை. அண்மைத் தலைமுறைகள் திருத்தமாகவும், மேல்தலைமுறைகள் சூரியனையோ சந்திரனையோ தொட்டும் நிற்கும். வழக்கு எழுந்த பின் வந்த ஆவணங்களை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டா. பங்காளி வழக்கில் ஒருவன் தந்த கொடிவழியை எதிரி வரி வரியாக மறுப்பான். இருவரும் ஒத்துக்கொண்ட பகுதி பொன்னினும் உறுதியானது. நீதிமன்றப் படி ஏறாத அமைதியான குடும்பத்தின் வரலாற்றை எழுதுவதுதான் கடினம்!

நிலப்பங்கும் பேசும். ஒரு மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. முழுப்பங்கு உடையவனின் வழியில் பின்னொருவன் காற்பங்கு உடையவனாயின், நால்வர் உடன்பிறந்தாராகப் பிரிந்திருக்கலாம். இரண்டு தலைமுறையில் இருவர் இருவராகவும் பிரிந்திருக்கலாம். கணக்கு ஐயத்தை எழுப்பும். தீர்ப்பது வேறு ஆவணம்.

சோழர் காலம் வரை உண்மையிலேயே ஏற வல்லோர்க்கு, நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி கைகொடுக்கும். அதில் கிடைப்பது பாட்டனல்லன். ஓர் ஊரில் எத்தகைய பெயரும் பட்டமும் வழங்கின என்னும் சூழல். அதற்கு மேல் அதனிடம் கேட்பது முறையன்று.

இதுகாறும் சொன்ன ஆவணங்கள் பெரும்பாலும் நிலமும் ஊழியமும் உடையோரைப் பற்றியவை. பெண்கள் அவற்றில் மனைவியாகவும் கைம்பெண்ணாகவும் எட்டிப்பார்ப்பதோடு சரி. கிறித்தவத் திருச்சபை ஏடுகள் தாய் பெயரையும் ஞானத்தாய் பெயரையும் எழுதியதால் அவ்வகையில் உயர்ந்தவை; மதுரை மறைமாநில இயேசு சபையாரின் ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ளன. ஊரின் சேரியில் பிறந்து, பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் சுடுகாட்டை விலக்கித் தனிச்சுடுகாட்டில் எரிந்தவர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர்களுள் ஊரை விட்டு வெளியேறியவனையே அரசு எழுதிக்கொண்டது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்த துரூரோ என்னும் கப்பல் முதல் 1911 வரை, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்டோர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை உண்டு. பெண்ணுக்கும் தந்தை பெயர் உண்டு. பட்டியல் எழுதியவர் செவியில் விழுந்தபடி ஊர்ப்பெயர்கள் உருமாறியிருக்கும். திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்பது மட்டும் தெளிவாக நிற்கும். அத்தாளை ஏந்தி இன்று தர்பனிலிருந்து வரும் கொள்ளுப்பெயரன், தன் முன்னோன் இடத்தோளில் இருந்த தழும்பு வரை அறிவான். ஊரிலேயே தங்கிவிட்ட அம்முன்னோனின் தம்பிக்கு அவ்வளவும் இல்லை. 1892இல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. ஒதுக்கீடு பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அதன்பின்னரே நிலப்பதிவேட்டில் ஏறின. பஞ்சமி நிலம் என்று குறித்த அப்பதிவுகளிலிருந்துதான் தம்பி வழியினர் தேடலைத் தொடங்க இயலும்.